நடைபாதையோரப் புற்பட்டியில் கல் பதித்தால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். எங்கள் வீதியில் நடைபாதைக்கும் வீதி விளிம்புக்கும் இடையில் புல் வளர்ந்த பட்டி ஒன்று உண்டு. கடந்த இரண்டு கோடைகளில் மூன்று வீட்டார் அந்தப் பட்டியில் இன்டர்லொக் கல் பதித்துக் கார் விடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வீட்டின் முன்னால் மேப்பிள் மரத்தின் வேரையும் வெட்டியிருக்கிறார்கள். நகரசபையின் 311 தொலைபேசிச் சேவைக்கு அழைத்து, "புல்லில் கார் விடுகிறார்கள்" என்று சொன்னேன். மீறல் எதுவும் காணப்படவில்லை, கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. 2024 ஜூலை மழையில் எங்கள் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்தது. இந்தக் கல்தான் காரணம் என்கிறார் என் கணவர். அந்த இடம் உண்மையில் யாருடையது? அனுமதி இல்லாமல் செய்ததைச் சிட்டி ஏன் தடுக்கவில்லை? மூவரில் ஒருவர் கோயிலில் பழக்கமான ஐயா. முறையிட்டால் எங்கள் பெயர் தெரியவருமா? (எங்கள் ட்ரைவ்வேயின் இரண்டு பக்கமும் நாங்களும் ஒரு வரிசைக் கல் பதித்திருக்கிறோம். அதில் பிரச்சினை இல்லைத்தானே?)

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

மரத்திலிருந்து தொடங்குகிறேன். கல்லை அடுத்த வருடமும் பெயர்க்கலாம், வெட்டிய வேரைத் திரும்ப ஒட்ட முடியாது. ரொறன்ரோவில் தனியார் காணியில் நிற்கும் மரத்துக்கு, நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அதன் விட்டம் 30 சென்ரிமீற்றர் இருந்தால்தான் சட்டப் பாதுகாப்பு. வீதிக்கு உரிய நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அந்த அளவே கிடையாது. நேற்று நட்ட கன்றானாலும் அது நகரசபையின் மரம். அனுமதி இல்லாமல் அதைக் காயப்படுத்துவது நகரசபை விதிகளின் 813ஆம் அத்தியாயப்படி குற்றம். வேரை அறுப்பதும் காயம்தான். நீதிமன்றத்தில் நிரூபணமானால் மரம் ஒன்றுக்கு 500 டொலரிலிருந்து 100,000 டொலர் வரை தண்டம் போட இடமுண்டு.

மேப்பிளின் வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீற்றர் மண்ணுக்குள்தான் ஓடுகின்றன. கார் நிற்கும் பாரத்துக்குக் கல் பதிப்பவர்கள் அந்த மண்ணைத்தான் தோண்டி எடுக்கிறார்கள். பிறகு சல்லியைக் கொட்டி, இயந்திரத்தால் இடித்து இறுக்குவார்கள். எஞ்சிய வேருக்குக் காற்றும் தண்ணீரும் குறைந்துவிடும். மரம் இதை உடனே காட்டாது. முதல் கோடையில் வழக்கம்போல் தளிர்க்கும். அப்புறம் உச்சிக் கிளைகளில் இலை சிறுக்கும், மற்ற மரங்களுக்கு முன்பே நிறம் மாறும், நுனி காயும். அந்த நேரத்தில் யாருக்கும் கல் ஞாபகத்துக்கு வராது. மரத்துக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். எனவே இன்றே 311க்கு அழைத்து, "நகரசபைக்குச் சொந்தமான வீதி மரத்தின் வேர் வெட்டப்பட்டிருக்கிறது, அர்பன் ஃபொரெஸ்ட்ரி பிரிவிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும்" என்று இதை மட்டும் தனி முறைப்பாடாகக் கொடுங்கள். காரையும் கல்லையும் இதற்குள் கொண்டுவர வேண்டாம். வெட்டிய வேரின் முனை எங்காவது வெளியே தெரிந்தால், பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, இடம் யாருடையது? நகரசபையுடையது. சந்தேகமே வேண்டாம். வீதி என்று நாம் நினைப்பது கார் ஓடும் தாரை மட்டும்தான். சட்டத்தில் வீதி என்பது அதைவிட நல்ல அகலம். ஸ்காபரோவின் குடியிருப்பு வீதிகள் பலவற்றில் வீதிக்கென ஒதுக்கிய நிலம் 20 மீற்றர், பழைய கணக்கில் 66 அடி. தார், விளிம்பு, புற்பட்டி, நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பல வீடுகளில் நடைபாதையைத் தாண்டி வீட்டுப் பக்கம் உள்ள புல்லிலும் ஒரு பகுதி நகரசபையுடையதாகவே இருக்கும். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்புக்குள் நில அளவைப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் காணியின் முன் எல்லைக்கோடு நீங்கள் நினைத்ததைவிட வீட்டுக்குக் கிட்ட இருப்பதைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்தப் பட்டியின் புல்லை வெட்டும் பொறுப்பு எங்களுடையது. 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் வீட்டுக்காரருக்குத்தான் அறிவித்தல் வரும். பதினைந்து வருடம் ஒருவர் தன் கையால் புல் வெட்டி, விதை போட்டு, தண்ணீர் விட்ட துண்டை "என்னுடைய இடம்" என்று நினைப்பது இயல்பு. ஊரில் கதியாலை அரை அடி தள்ளிப் போட்டால் அடுத்த காணிக்காரர் அன்றைக்கே வந்து நிற்பார். இங்கே தள்ளிப் போட்டது நகரசபையின் காணிக்குள். அதனால் யாரும் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கோப்பு ஏன் மூடப்பட்டது என்பதற்கு நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. "கார் விடுகிறார்கள்" என்று சொன்னால் அது வாகனத் தரிப்புப் பற்றிய முறைப்பாடு. அதைப் பார்ப்பவர் வரும் நேரத்தில் கார் அங்கே நிற்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு வந்தால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், கார் இராது. கார் இல்லையென்றால் மீறலும் இல்லை. கீழே கிடக்கும் கல்லைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அது அவருடைய வேலையும் இல்லை. நகரசபைக்குள் இது மூன்று கதவு. நடைபாதைக்கு வெளியே உள்ள பட்டி, கார் ஏற வெட்டிய வீதி விளிம்பு, வீதி நிலத்தில் எந்தக் கட்டுமானமும் என்றால் போக்குவரத்துச் சேவைகள் பிரிவு. வீட்டுக்காரரின் சொந்த முன்முற்றத்தில் அளவுக்கு மீறிக் கல் பதித்திருந்தால் உரிமம் மற்றும் தரநிலைப் பிரிவு. மரம் என்றால் நான் மேலே சொன்ன பிரிவு. 311இல் தொலைபேசி எடுப்பவர் உங்கள் முதல் வசனத்தைக் கேட்டுத்தான் எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கிறார். ஆங்கிலத்தில் இதை விளக்குவது சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 180க்கு மேற்பட்ட மொழிகளில் அந்த வசதி உண்டு. அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அழைக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் முறை இப்படிச் சொல்லுங்கள்: "இந்த இலக்க வீட்டின் முன்னால், நடைபாதைக்கும் வீதி விளிம்புக்கும் இடையில் உள்ள நகரசபை நிலத்தில், ஏறத்தாழ 2 மீற்றர் அகலம் 9 மீற்றர் நீளத்துக்குப் புல்லை அகற்றி இன்டர்லொக் பதித்திருக்கிறார்கள். வீதி நிலத்தில் இந்த வேலைக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா என்று பார்த்து, இல்லையென்றால் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்." ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முறைப்பாடு, தனி இலக்கம். மூன்றையும் சேர்த்து "எங்கள் வீதி முழுக்க இப்படித்தான்" என்று சொன்னால் பரிசோதகர் எந்த வாசலில் நிற்பது? தரும் இலக்கத்தைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

சான்றுக்கு ஒரு நல்ல வழி கூகுள் ஸ்ட்ரீட் வியூ. உங்கள் வீதியைத் திறந்து, திகதி காட்டும் இடத்தை அழுத்தினால் பழைய வருடங்களின் படங்களும் வரும். அங்கே புல் தெரியும் படத்தையும், இப்போது நீங்கள் நடைபாதையில் நின்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எப்போதிருந்தோ இப்படித்தான் இருந்தது என்ற பதிலுக்கு இடமிருக்காது. ஆட்களையும் கார் இலக்கத் தகட்டையும் படத்தில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது நிலத்தின் படம்.

முறைப்பாடு கொடுப்பதற்கு முன் உங்கள் வீட்டு வரிசைக் கல்லைப் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தாலும் எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகத் தெரிந்தது. பரிசோதகர் ஒரு வீட்டுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வருவதில்லை. அயலவர் ஒருவர் கோபத்தில் உங்கள் இலக்கத்தையும் கொடுத்துவிடலாம். உங்கள் கல் வரிசை நடைபாதையைத் தாண்டி வீதி விளிம்புவரை போகிறதா? போனால் அந்தத் துண்டு நகரசபை நிலத்தில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு முன்பே அதைக் கிளப்பி மண் போட்டுப் புல் விதையுங்கள். ஒரு சனிக்கிழமை வேலைதான்.

வீட்டுப் பக்கம் உள்ள கல்லுக்குக் கணக்கு வேறு. 569-2013 இலக்க வலயச் சட்டப்படி, முகப்பு 6 மீற்றருக்குக் குறையாமலும் 15 மீற்றருக்கு உட்பட்டும் உள்ள காணியில் முன்முற்றத்தின் பாதி நிலத்தோற்றமாக (லாண்ட்ஸ்கேப்பிங்) இருக்க வேண்டும். அந்தப் பாதியில் முக்கால் பங்கு மென்மையான நிலமாக, அதாவது புல், செடி, மண் என்று இருக்க வேண்டும். அழகுக் கல்லும் நடைவழியும் நிலத்தோற்றமாகச் சேரும், மென்மையான நிலமாகச் சேராது. ட்ரைவ்வே இரண்டிலும் சேராது. உதாரணமாக 12 மீற்றர் முகப்பும் 6 மீற்றர் ஆழமும் உள்ள முன்முற்றம் 72 சதுர மீற்றர். பாதி 36. அதில் 27 சதுர மீற்றர் தண்ணீர் இறங்கும் நிலமாக இருக்க வேண்டும். அளக்கும்போது காணி எல்லையிலிருந்து அளவுங்கள், வீதி விளிம்பிலிருந்து அல்ல. முகப்பு 15 மீற்றரோ அதற்கு மேலோ என்றால் பாதிக்குப் பதில் 60 வீதம். கல் வரிசையில் கார்ச் சில்லு ஏறுகிறது என்றால் அது நடைவழி என்று வாதாடுவது கடினம், ட்ரைவ்வேயின் அகலத்தோடுதான் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கண்ணில் படும் எல்லாக் கல்லும் சட்டவிரோதம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ரைவ்வே நடைபாதையைக் கடந்து வீதிக்கு இறங்கும் துண்டு அனுமதிக்கப்பட்டதே. சில முன்முற்றங்கள் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே சட்டப்படி அப்படி அமைந்தவை, அவற்றைத் தொட முடியாது. இன்னும் சிலர், முன்முற்றத்தில் அளவு மீறியதற்குச் சிறு விலக்குக் கேட்டு, கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் எனப்படும் சரிசெய்தல் குழுவுக்கு விண்ணப்பிப்பார்கள். வாசலில் அறிவித்தல் பலகை நடப்படும், 60 மீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அறிவித்தல் வரும். அந்தக் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் மாகாண அரசு நிறைவேற்றிய 23ஆம் இலக்கச் சட்டமூலத்துக்குப் பிறகு, இந்த முடிவுகளை எதிர்த்து அயலவர்கள் மேல்முறையீடு செய்ய முடியாது. குழுவின் கூட்டம் ஒன்றுதான் உங்கள் வாய்ப்பு. ஆனால் இந்த விலக்கு சொந்தக் காணிக்குத்தான். நகரசபையின் பட்டியில் பதித்த கல்லை அந்தக் குழுவால் சட்டப்படியாக்க முடியாது.

பேஸ்மென்ட் தண்ணீரைப் பற்றி உங்கள் கணவரோடு நான் கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் வலி பார்க்வேயே தண்ணீருக்குள் போனது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 18 சதுர மீற்றர் பட்டி ஒன்றில் அந்த அளவு மழை விழுந்தால் 1,764 லீற்றர், மூன்று வீட்டுக்கும் 5,000 லீற்றருக்கு மேல். புல் இருந்தால் இதில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போயிருக்கும். கல் பதித்ததால் கூடுதலாக வீதி வடிகாலுக்கு ஓடுகிறது, அங்கிருந்து ஹைலண்ட் கிரீக் போன்ற ஓடைகளுக்குப் போய், அவற்றின் கரைகளை அரிக்கிறது. இது உண்மையான சேதம், சொல்ல வேண்டிய சேதம். ஆனால் வீதியின் விளிம்பில் விழுந்த தண்ணீர் உங்கள் சுவருக்குள் வந்தது என்று நிரூபிக்க முடியாது. முறைப்பாட்டில் அதை எழுதினால், நிரூபிக்கக்கூடிய விசயமும் சேர்ந்து வலுவிழக்கும். பேஸ்மென்டுக்கு உங்கள் கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே திறக்கிறது, சுவரோரம் மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வுக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் நகரசபை மானியம் தருகிறது. வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைக் கேட்டறியுங்கள்.

குளிர்காலத்தையும் யோசியுங்கள். பனி வழிக்கும் வாகனம் பனியைத் தள்ளிக் குவிக்கும் இடம் அந்தப் பட்டிதான். அங்கே கார் நின்றால் பனி நடைபாதையில் ஏறும். கைத்தடியோடும் தள்ளுவண்டியோடும் பேருந்துக்குப் போகிறவர்கள் வீதியில் இறங்கி நடப்பார்கள். ஐயாவிடம் பேசுவதற்கு இது சட்டத்தைவிட நல்ல தொடக்கம்.

ஆம், ஐயாவிடம் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். மரத்தின் வேரை வெட்டிய வீடு அவருடையது என்றால் அந்த முறைப்பாடு காத்திருக்கக் கூடாது. கல் மட்டும் என்றால் முதலில் ஒரு தேத்தண்ணிக்குப் போய்வாருங்கள். இந்தக் கல்லைப் பதித்தவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். மோட்கேஜ் கட்டப் பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறார்கள். வாடகைக்கு வருபவரிடம் ஒரு கார், வளர்ந்த பிள்ளையிடம் ஒரு கார். அறிவித்தல் பலகை இல்லாத வீதியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் விட முடியாது. வீதியில் இரவு தரிக்கும் அனுமதி பெரும்பாலும் பழைய ரொறன்ரோப் பக்கத்துக்குத்தான். 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு ஸ்காபரோ ஆர்டி ரயிலும் நின்றுபோனது, காரை விட்டுவிடு என்று அவர்களிடம் சொல்லவும் முடியவில்லை. கல் பதித்தவரோ, "பெர்மிட் ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார். "ஐயா, அந்தத் துண்டு எங்கட காணி இல்லை, சிட்டியின்ர. சிட்டி வந்து கிளப்பினால் அந்தச் செலவும் உங்கட சொத்து வரியில ஏறலாம். நீங்களே இப்ப எடுத்தால் கல்லாவது மிஞ்சும்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கவும் கூடும்.

உங்கள் பெயரை நகரசபை வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. தகவல் அறியும் விண்ணப்பம் போட்டாலும் முறைப்பாட்டாளரின் பெயரை மறைத்துத்தான் கொடுப்பார்கள். வழக்காகி நீதிமன்றத்துக்குப் போனால், நீங்கள் கண்ணால் கண்ட சாட்சி என்றால் அழைக்கப்பட வாய்ப்புண்டு. ஆனால் பதித்த கல் ஓடிவிடாது, பரிசோதகரே பார்த்து எழுதலாம். எல்லா விசயமும் நீதிமன்றம்வரை போவதும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கோப்பு அசையவில்லை என்றால் நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஸ்காபரோவில் 20 முதல் 25 வரை ஆறு தொகுதிகள். முறைப்பாட்டு இலக்கங்கள், திகதிகள், இரண்டு படம், ஒரே ஒரு கேள்வி: "இந்த நிலத்தில் அனுமதி உண்டா, இல்லையென்றால் எப்போது மீட்கப்படும்?" வீதியில் உங்களோடு நிற்கும் மற்றவர்களும் தங்கள் சொந்த வசனத்தில் எழுதட்டும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேர் அனுப்பினால் ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். அனுமதி கொடுத்தார்களா என்பதே தெரியவில்லை என்றால் 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள், பதிலுக்கு 30 நாள் கெடு. நகரசபையின் முறைப்பாட்டு வழிகள் எல்லாம் முடிந்த பிறகும் நியாயமான பதில் இல்லையென்றால் ரொறன்ரோ ஒம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அது சுயாதீனமானது, கட்டணம் இல்லை. அங்கே முதலில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடைசியாகப் போங்கள்.

தண்டம் அடிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், மண்ணைத் திரும்பக் கேளுங்கள். ஒருவர் தண்டத்தைக் கட்டிவிட்டுக் கல்லை அப்படியே வைத்திருந்தால் உங்கள் வீதிக்கு என்ன கிடைத்தது? கல் எடுத்த பிறகு அந்த இடத்துக்கு ஒரு மரம் கேட்கலாம். வீதிக்குரிய நிலத்தில் வீட்டுக்காரர் கேட்டால் நகரசபை இலவசமாக மரம் நட்டுத் தருகிறது. நிலத்தடிக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று பார்த்து இடத்தையும் மர வகையையும் அவர்களே தீர்மானிப்பார்கள். உங்கள் வீட்டுப் பட்டி வெறுமையாக இருந்தால் நீங்களும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நில அளவைப் படம் கிடைத்தால், பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, உங்கள் வரிசைக் கல்லில் எவ்வளவு நகரசபைப் பக்கம் விழுகிறது என்று குறித்துத் தருகிறேன். ஆனால் மரத்துக்கான அழைப்பை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.